பழ ஈயும் பாலர் நோயும்

கனிந்து நெகிழ்ந்த வாழைப்பழத்தை மொய்க்கும் எள்ளளவான ஈயை அறியாதார் இலர். பழ ஈ எனப்படும் அச்சிற்றுயிரைக் கொண்டு, வைத்தியர்க்கும் பெயர் புலப்படாத குழந்தை நோய்கள் சிலவற்றின் காரணத்தை இக்கால விஞ்ஞானிகள் துணிகின்றனர். விஞ்ஞான ஆசிரியர் எழுதற்குரிய இப்பொருளைத் தமிழாசிரியராகிய நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. இதுவும் எழுத்தைப் பற்றியதே.

நம் உடற்கலங்களில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களாலாய ஏடொன்று உளதெனக் கொள்க. அதில் ஒரு பணிக்குரிய பகுதியே பரம்பரையலகு. எவருடைய ஏட்டையும் மாதிரி ஏட்டோடு ஒப்புநோக்கின், 40 இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களில் வேறுபாடு காணப்படும். அவற்றுட் பெரும்பாலன தீங்கற்றவை. பவளம் என்பது பவழம் என வரினும் பொருள் கெடாது. இதனை இலக்கண நூலார் போலி என்பர். பள்ளி, பல்லியானாலோ பொருளே வேறாகும். (மாணவர் விடைத்தாள்களில் நாம் மிகுதியுங் காண்பது இவ்விரண்டாம் வகையே.) அருநோயுற்ற குழந்தையொன்றின் ஏட்டில் முன்னர் எவரிடத்துங் காணப்படாத ஓரெழுத்து மாற்றம் தென்படின், அது போலியோ, பிழையோ? ஒப்பிட்டறிய அந்நோயுடைய பிறர் கிடைப்பதும் அரிது. பழ ஈ துணைநிற்பது இவ்விடத்திலேயாம்.

நியூயோர்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ற் மோர்கன் என்பார், செங்கண் ஈக்களிடையே வெண்கண் ஈயொன்றை 1910-இற் கண்டு ஆராய்ந்த காலந்தொட்டு, இவ்வீ பரம்பரையியலார்க்கு உற்ற துணை. முட்டை முழு ஈயாதற்கு ஏறத்தாழப் பத்து நாள் போதும். நிறமூர்த்தங்களும் நான்கு சோடியே. 2000-ஆம் ஆண்டில் இதன் ஏடு பெரும்பாலும் வாசிக்கப்பட்டது. மனிதர்க்கு நோய் விளைக்கும் பரம்பரையலகுகளுள் நூற்றுக்கு எழுபத்தைந்து அளவானவற்றுக்கு ஈயினிடத்தும் ஒப்பானவை உள.

ஓர் எடுத்துக்காட்டு. தசைத் தளர்ச்சி, தள்ளாடும் நடை, பேச்சுத் தாமதம் ஆகியன உடைய குழந்தைகள் சிலரிடத்து, ஈ.பி.எவ்.3 என்னும் பரம்பரையலகில் எழுத்து மாற்றம் காணப்பட்டது. ஈயில் அதற்கு ஒப்பானதன் பெயர் முடிச்சு என்பது. அஃது இல்லாத ஈ முளையப் பருவத்திலேயே மடியும். ஹூஸ்ரன் நகரத்துப் பேலர் வைத்தியக் கல்லூரியைச் சார்ந்த ஹியூகோ பெலன் முதலானோர், மடியவேண்டிய அவ்வீக்களுள் மனிதருடைய பிழையற்ற ஈ.பி.எவ்.3-ஐப் புகுத்தினர்; ஈக்கள் பிழைத்தன! குழந்தைகளிடத்துக் கண்ட மாற்றமுற்ற வடிவத்தைப் புகுத்தியபோது பிழைக்கவில்லை. மாற்றம் போலியன்று, பிழையே என்பது துணியப்பட்டது. இம்முடிபு 2017-இல் வெளியாயிற்று. மனிதனது சொல்லை ஈயின் உடல் வாசித்துப் பொருள்கொண்டது என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு மிகுகின்றது.

எனினும் ஈயால் ஆகாதனவும் உள. ஒப்பான பரம்பரையலகு ஈயினிடத்து இல்லையேல் இச்சோதனை இயலாது. பேச்சுத் தாமதத்தை ஈயில் எங்ஙனம் காண்பது? காரணம் தெரிந்தமையால் மருந்து கிடைத்துவிட்டது என்பதுமில்லை, ஈ.பி.எவ்.3 நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் 2017-இன் பின் வேறு நாடுகளிலும் இந்நோயுடைய குழந்தைகள் இனங்காணப்பட்டு, அவர்தம் பெற்றோர் ஒருவரையொருவர் அறியலாயினர். மேற்கூறிய குழந்தைகளிடத்துக் கண்ட எழுத்துப் பிழை தாயிடத்தும் இல்லை, தந்தையிடத்தும் இல்லை. குழந்தையிடத்தே புதிதாய்த் தோன்றியது. கருவுற்ற காலத்து உண்ட உணவையும் செய்த வேலையையும் நினைந்து தன்னையே நொந்துகொண்டிருந்த தாயிடம், உன்மேற் குற்றமில்லை என வைத்தியர் இப்பொழுது சான்றோடு சொல்ல முடிகின்றது.