எக்ஸில் தொடங்கிய எண்

மருந்துச் சீட்டு – 14

சென்ற வாரம் வந்த கடிதங்களில் ஒன்று நாகர்கோவிலிலிருந்து. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் நர்ஸ் பிராக்டிஷனர். "காலையில் கிளினிக்கில் இருக்கும்போது ஹைட்ரோகோடோன் என்ற வலி மாத்திரை எழுத அவளுக்கு அனுமதி கிடையாதாம். சாயங்காலம் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனால் எழுதலாமாம். அதே ஆள், அதே படிப்பு, அதே பேனா. இது என்ன கூத்து ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

கூத்துதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. இந்த வாரம் முழுக்க அவருக்கான பதிலே.

நம் ஊரில் இந்தக் கேள்வி எழவே வழியில்லை. எம்.எஸ்சி. நர்சிங் முடித்து இருபது வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவரும் மருந்துச் சீட்டில் தன் பெயரில் கையெழுத்திட முடியாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே நர்ஸ் பிராக்டிஷனர்கள் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேல். நோயாளியைப் பரிசோதிக்கிறார்கள், நோய் இன்னதென்று சொல்கிறார்கள், மருந்தும் எழுதுகிறார்கள். பிரசவம் பார்க்கும் நர்ஸ், மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ், ஒரு துறையில் தேர்ந்த கிளினிக்கல் ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ், இவர்களையும் சேர்த்து நான்கு வகையினரை உயர்நிலை நர்ஸ்கள் என்கிறது சட்டம்.

இந்த வழக்கத்தின் வேர் கென்டக்கி மலைகளில் இருக்கிறது. 1925-இல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற பெண்மணி லெஸ்லி கவுண்டியில் ஒரு நர்ஸ் சேவையைத் தொடங்கினார். சாலை கிடையாது. டாக்டர் கிடையாது. நர்ஸ்கள் குதிரைமேல் ஏறி, சேணத்தில் மருந்துப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து பிரசவம் பார்க்கப் போனார்கள். இன்ன நிலைமையில் இன்ன மருந்து கொடுக்கலாம் என்று லெக்சிங்டன் நகரத்து டாக்டர்கள் முன்கூட்டியே ஒரு கையேடு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு, தேவைப்பட்டதை நர்ஸே கொடுத்தார். பார்க்க வேறு ஆள் இல்லாத இடத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபணைகளெல்லாம் சாலை வந்து, டாக்டர் வந்த பிறகு வந்தவை.

1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத் தொடங்கினார்கள். ஐந்தே வருடத்தில், 1970-இல், கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான மத்தியச் சட்டம் வந்தது. அடிமைப்படுத்தும் வாய்ப்புள்ள மருந்துகளை அது ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தது. முதல் அட்டவணையில் ஹெராயின் போன்றவை. அவற்றை யாரும் எழுத முடியாது. இரண்டாவதில் மார்ஃபின், ஃபென்டனில், ஆக்ஸிகோடோன் போன்ற வலி மருந்துகள். மூன்றாவதில் கெட்டமின், டெஸ்டோஸ்டிரோன். நான்காவதில் அல்ப்ரஸோலம், டயஸெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். ஐந்தாவதில் கொஞ்சமாகக் கோடீன் கலந்த இருமல் மருந்து. எண் ஏற ஏறக் கெடுபிடி குறையும்.

இரண்டாவது தொடங்கி ஐந்தாவது வரை எதை எழுதுவதானாலும் டி.இ.ஏ. என்ற மத்திய போதைமருந்துத் தடுப்பு அமைப்பிடம் பதிவு செய்து ஓர் எண் வாங்க வேண்டும். யார் எழுதலாம் என்று முடிவு செய்வதோ மாநிலம். மாநிலம் 'சரி' என்றால்தான் மத்திய அமைப்பு எண் கொடுக்கும். நாகர்கோவில் அம்மாவின் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த எண்ணைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். இரண்டு எழுத்து, ஏழு இலக்கம். இரண்டாவது எழுத்து பெரும்பாலும் குடும்பப் பெயரின் முதலெழுத்து. முதல் எழுத்தில்தான் சாதி இருக்கிறது. டாக்டர்களுக்கு ஏ, பி, எஃப் என்று வரும். நர்ஸ் பிராக்டிஷனருக்கு எம். 1993-இல் டி.இ.ஏ. இவர்களுக்கென்று உருவாக்கிய வகையின் பெயர் 'மிட்-லெவல்', அதாவது இடைநிலை. நர்ஸ்களுக்கு இந்தச் சொல் பிடிக்காது. 'அப்படியானால் கீழ்நிலை யார்?' என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இலக்கங்களிலும் ஒரு பூட்டு உண்டு. பாடப்புத்தகங்களில் உதாரணமாக வரும் 1234563 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல், மூன்றாவது, ஐந்தாவது இலக்கங்களைக் கூட்டினால் 9. இரண்டாவது, நான்காவது, ஆறாவது இலக்கங்களைக் கூட்டி இரட்டிப்பாக்கினால் 24. மொத்தம் 33. அதன் கடைசி இலக்கமான 3, ஏழாவது இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் சீட்டு போலி. அரைகுறையாகக் கள்ளச்சீட்டு எழுதிக்கொண்டு வருபவரை மருந்துக்கடைக்காரர் மனக்கணக்கிலேயே பிடித்துவிடலாம்.

அந்த எம் எழுத்தை அடைய எத்தனை படி ஏற வேண்டும்? முதலில் பதிவு பெற்ற நர்ஸ் உரிமம். பிறகு முதுகலைப் பட்டமோ முனைவர் பட்டமோ. அதில் மருந்தியல், நோய் உடலியங்கியல், உடற்பரிசோதனை மூன்றும் தனித்தனிப் பாடங்களாக இருந்தாக வேண்டும். நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி குறைந்தது 500 மணி நேரம் என்று இருந்ததை 2022-இல் வந்த தரவிதி 750 ஆக்கியது. அதன்பின் தேசிய அளவில் ஒரு சான்றிதழ்த் தேர்வு. பிறகு மாநில நர்சிங் வாரியத்தின் உயர்நிலை உரிமம். மருந்து எழுத மறுபடி ஓர் அனுமதி. சில மாநிலங்களில் கட்டுப்பாட்டு மருந்துக்கென்று இன்னொரு மாநிலப் பதிவு. கடைசியில் டி.இ.ஏ. எண்: மூன்று வருடத்துக்கு 888 டாலர். பக்கத்து மாநிலத்திலும் வேலை பார்ப்பதென்றால் அங்கேயும் உரிமம், அனுமதி, எண் எல்லாம் தனி.

இவ்வளவும் ஏறிய பிறகும் பல மாநிலங்களில் ஒரு டாக்டரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். கென்டக்கியையே பாருங்கள். குதிரைமேல் போன நர்ஸ்களின் அந்த மாநிலம், கட்டுப்பாட்டு மருந்து எழுத நர்ஸ்களுக்கு வழிவிட்டது 2006-இல். அதற்கும் டாக்டரோடு தனி ஒப்பந்தம். இரண்டாம் அட்டவணை மருந்தென்றால் பொதுவாக 72 மணி நேரத்துக்கு மேல் எழுதக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதினால் திங்கட்கிழமை சாயங்காலம் மாத்திரை தீரும். எலும்பில் புற்றுநோய் வந்தவரின் வலிக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாதாமாதம் கட்டணம் வாங்கும் டாக்டர்களும் அந்த நாட்டில் உண்டு. கையெழுத்துப் போட்டவர் நோயாளியைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நான்கு வருடம் ஒழுங்காக நடந்துகொண்ட நர்ஸுக்கு அந்த ஒப்பந்தம் வேண்டாம் என்று கென்டக்கி சட்டம் போட்டது 2023-இல்தான்.

'அடிமை மருந்தாச்சே, ஜாக்கிரதையாக இருப்பதில் என்ன தப்பு?' என்று கேட்பீர்கள். தப்பில்லை. ஆனால் யாரைக் கண்டு ஜாக்கிரதை என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு ஃபுளோரிடா போவோம்.

நர்ஸ்கள் கட்டுப்பாட்டு மருந்து எழுத ஃபுளோரிடா நீண்ட காலம் விடவே இல்லை. 'மாத்திரை வெள்ளமாகப் பாயும்' என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். வெள்ளம் நர்ஸ்களுக்காகக் காத்திருக்கவில்லை. வலி கிளினிக் என்று பலகை மாட்டிய கடைகளில் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். வெளிமாநில நம்பர் பிளேட் கார்கள் வாசலை அடைத்தன. 2010 வாக்கில் நாட்டிலேயே மிக அதிகமாக ஆக்ஸிகோடோனைத் தங்கள் அலுவலகத்திலிருந்தே விநியோகித்த 100 டாக்டர்களில் 98 பேர் ஃபுளோரிடாக்காரர்கள். இது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே வெளியிட்ட கணக்கு. நூற்றில் தொண்ணூற்றெட்டு! ஒருவர்கூட நர்ஸ் இல்லை, இருக்கவும் முடியாது. மறு வருடம் டாக்டர்கள் தங்கள் அலுவலகத்தில் அந்த மருந்துகளை விநியோகிக்கத் தடை வந்த பிறகே வெள்ளம் வடியத் தொடங்கியது.

நர்ஸ்களுக்கு அனுமதி தரும் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பார்பரா லம்ப்கின் என்ற நர்ஸின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. இந்த உரிமைக்காக அந்த மாநிலச் சட்டமன்றத்தில் ஆண்டுக்கணக்காகப் போராடியவர் அவர். அதிலும் இரண்டாம் அட்டவணை மருந்துக்கு ஏழு நாள் வரம்பு.

இனி தலைப்பில் சொன்ன எக்ஸுக்கு வருகிறேன். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு ஆறாத இடம் இதுதான்.

புப்ரெனார்ஃபின் என்று ஒரு மருந்து. ஹெராயின், ஆக்ஸிகோடோன் போன்றவற்றுக்கு அடிமையானவரின் தவிப்பைத் தணித்து, அவரை மீட்க உதவுவது. ஓர் எல்லைக்கு மேல் அதன் வீரியம் ஏறாது. அதனால் மூச்சை நிறுத்தும் ஆபத்து மற்றவற்றைவிடக் குறைவு. மூன்றாம் அட்டவணையில்தான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இந்தச் சிகிச்சையைச் சாதாரண கிளினிக்கிலும் கொடுக்கலாம் என்று கதவைத் திறந்தது. திறந்த கையோடு பூட்டும் போட்டது. இதற்கென்று தனித் தகுதியோ எட்டு மணி நேரப் பயிற்சியோ பெற்ற டாக்டர் மட்டுமே எழுதலாம். ஒரே சமயத்தில் 30 நோயாளிகளுக்கு மேல் கூடாது. அவருக்கு டி.இ.ஏ. இரண்டாவதாக ஓர் எண் கொடுக்கும். அதன் முதலெழுத்து எக்ஸ்.

நர்ஸ் பிராக்டிஷனர் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே போக முடியாது. பல மாநிலங்களில் அவர் ஆக்ஸிகோடோன் எழுதலாம். அதற்குத் தனிப் பயிற்சி கேட்டு மத்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆக்ஸிகோடோனில் விழுந்தவரைத் தூக்கிவிடும் மாத்திரையை மட்டும் எழுதக் கூடாது. பதினாறு வருடம் இப்படியே போனது. டாக்டரே இல்லாத கிராமத்து கவுண்டிகளில் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தவர்கள் நர்ஸ்கள்தான் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

2016 ஜூலையில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் நர்ஸ்களுக்கும் வழி செய்தது. பயிற்சி எவ்வளவு தெரியுமா? டாக்டருக்கு எட்டு மணி நேரம் போதும். நர்ஸுக்கு இருபத்து நான்கு. அதுவும் ஐந்து வருடத்துக்கு மட்டும், பரிசோதனையாக. 2018-இல் அதை நிரந்தரமாக்கினார்கள். இதற்குள் தெருவில் ஃபென்டனில் வந்துவிட்டது. 2021-இல் மட்டும் அளவுக்கு மீறிய போதைமருந்தால் இறந்த அமெரிக்கர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

2022 டிசம்பர் 29 அன்று, ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட வரவுசெலவுச் சட்டத்துக்குள் இரண்டு சின்னப் பிரிவுகள் புகுந்தன. ஒன்று எக்ஸ் எண்ணையே ஒழித்தது. மற்றது, 2023 ஜூன் 27 முதல் கட்டுப்பாட்டு மருந்து எழுதப் பதிவு செய்பவர் யாரானாலும், டாக்டரோ நர்ஸோ, போதை அடிமைநோய் பற்றி எட்டு மணி நேரம் ஒருமுறை படித்திருக்க வேண்டும் என்றது. கால்நடை மருத்துவருக்கு மட்டும் விலக்கு. படித்தேன் என்று படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இருபது வருடம் ஒரு மருந்தைச் சுற்றி மட்டும் கட்டிய வேலியைப் பிடுங்கி, எல்லா மருந்துக்கும் பொதுவாக நட்டார்கள். முதல் நாளே அப்படி நட்டிருக்கலாம். ஆக்ஸிகோடோன் எழுதும் கைக்கு அந்த எட்டு மணி நேரம் 2000-இலேயே தேவைப்பட்டது.

இப்போது, அம்மா, உங்கள் கேள்விக்கு.

டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர் ஒரு டாக்டரின் எழுத்துப்பூர்வ ஒப்படைப்பின்கீழ்தான் மருந்து எழுத முடியும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் அட்டவணை மருந்துகளைக் கிளினிக்கிலேயே எழுதலாம். தொண்ணூறு நாள் வரம்பு உண்டு. இரண்டாம் அட்டவணையென்றால் ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது தங்கப்போகும் உள்நோயாளிக்கு, அவசரப் பிரிவில் இருப்பவருக்கு, இறுதிக்காலப் பராமரிப்பில் இருப்பவருக்கு மட்டும். ஆகவே உங்கள் மகள் சொன்னது சரிதான். அந்த அனுமதி அவருடைய படிப்பைப் பார்த்து மட்டும் வருவதில்லை, நோயாளி எங்கே படுத்திருக்கிறார் என்பதையும் பார்க்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாரசிட்டமாலோடு கலந்த ஹைட்ரோகோடோன் முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2014 அக்டோபர் 6 அன்றுதான் இரண்டாவதற்கு மாற்றினார்கள். அதற்கு முந்தைய நாள்வரை டெக்சாஸ் நர்ஸ்கள் அதைக் கிளினிக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை அவர்களுடைய உரிமத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை; மாத்திரைதான் இடம் மாறியிருந்தது.

புப்ரெனார்ஃபின் இன்றும் மூன்றாவதிலேயே இருக்கிறது. அதை உங்கள் மகள் காலையிலும் எழுதலாம்.

(தொடரும்)