துயரச் சொல்லும் அயல் செவியும்

திருவனந்தபுரத்தில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தை மனக்கண்முன் கொண்டு வருவோம். பள்ளியிலிருந்து திரும்பிய ஐந்து வயதுப் பேரன், விளக்கேற்றாத உள்ளறையைச் சுட்டிக்காட்டி, “பாட்டி, எனக்குப் பேடியா இருக்கு” என்கிறான். ஊரிலிருந்து அண்மையில் வந்திருக்கும் பாட்டி திடுக்கிடுகிறார். “யாருடா உனக்கு இந்தக் கெட்ட வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தது?” என்று அதட்டுகிறார். தமிழில் ‘பேடி’ என்பது கோழையையும் ஆண்மையற்றவனையும் சுட்டும் வசைச்சொல். மலையாளத்திலோ அதற்கு அச்சம் என்பதே பொருள். குழந்தை துணை தேடி வந்தது. அதற்குக் கிடைத்ததோ அதட்டல். பிழை பாட்டியினுடையதுமன்று, பேரனுடையதுமன்று. இருவருக்கும் இடையே நின்ற சொல்லினுடையது.

மலையாளமும் தமிழும் ஒரு குடும்பத்து மொழிகளாதலால், கேரளத்தில் வாழும் நாம் பாதிச் சொற்களைக் கற்காமலே அறிந்துகொள்கிறோம். சந்தையில் விலை பேசவும், பேருந்தில் இடம் கேட்கவும் இந்த ஒற்றுமை பெரிதும் உதவுகிறது. ஆனால் மனம் நோகும் வேளையில் இதே ஒற்றுமை நம்மை ஏமாற்றிவிடுகிறது.

‘சங்கடம்’ என்னும் சொல்லைப் பாருங்கள். கடன் கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல நேர்ந்தால், “சங்கடமாகப் போயிற்று” என்கிறோம். தர்மசங்கடம் என்றும் கூறுகிறோம். மலையாளத்தில் ‘சங்கடம்’ என்பது நெஞ்சை நிறைக்கும் துக்கம். தாயை இழந்த அண்டை வீட்டுப் பெண்மணி “சங்கடம்” என்று கூறும்போது, ஏதோ இக்கட்டு என எண்ணி, “பணம் ஏதேனும் வேண்டுமா?” என்று நாம் கேட்டால் அவர் உள்ளம் என்ன பாடுபடும்!

‘விஷமம்’ நமக்குக் குறும்பு. அவர்களுக்கு வருத்தம் அல்லது கடினம். ‘வேதனை’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் மனத்தின் துன்பத்தை. அவர்கள் ‘வேதன’ என்றால் முதலில் உடல்வலியே நினைவுக்கு வரும். தலைவலிக்கு அங்கே ‘தலவேதன’ என்றே பெயர். ‘அனுதாபம்’ நமக்குப் பிறர் துயரில் பங்கு கொள்வது. மலையாளத்தில் ‘அனுதாபம்’ என்றால் தான் செய்த குற்றத்துக்கு இரங்கி வருந்துவது. இழவு வீட்டில் நம் அனுதாபத்தைத் தெரிவிக்கச் சென்று, கேட்பவர் காதில் குற்றத்தை ஒப்புக்கொள்பவராக நாம் ஒலிக்கவும் கூடும்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மொழிகளிலும் இதனைக் காணலாம். அதை ஆராய்வதற்குத் திருவனந்தபுரத்துக் கடற்கரையே ஏற்ற இடம். வடக்கே கொல்லத்தில் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டினர். கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையிலுள்ள அஞ்சுதெங்கில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் கோட்டையை எழுப்பினர். ஒரே கரையில் இரு மேலை மொழிகளும் வந்து இறங்கின.

போர்த்துக்கேயர் நமக்குத் தந்த சொற்கள் இன்றும் வீடு நிறைய இருக்கின்றன. மேசை, அலமாரி, சன்னல், சாவி, வராந்தா எல்லாம் அவர்கள் வழி வந்தவை. மலையாளத்தில் நாற்காலிக்கு வழங்கும் ‘கசேர’யும் அவ்வாறே வந்தது. ஆயினும் துக்கம், ஏக்கம், அச்சம் ஆகியவற்றுக்கு நாம் அவர்களிடம் சொல் வாங்கவில்லை. பொருள் கப்பலேறி வரும்போது அதன் பெயரும் உடன் வந்துவிடுகிறது. துயரமோ கப்பலேறி வரவேண்டியதில்லை. அது எல்லா ஊரிலும் முன்னமே இருப்பது. எனவே ஒவ்வோர் ஊராரும் அதற்குத் தத்தம் பெயரையே வைத்திருந்தனர்.

இவ்வுண்மையைச் சமயப் பணிக்கு வந்தவர்கள் விரைவில் உணர்ந்தனர். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் பாதிரியார் முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் வாழ்ந்து தமிழ் கற்றார். தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் ஓர் இலக்கணமும் எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுவே. 16 பக்கங்கள் கொண்டது. பாவ அறிக்கை செய்வோருக்கு வழிகாட்டும் நூலொன்றையும் 1580இல் கொச்சியில் அவர் வெளியிட்டார். குற்றத்தையும் வருத்தத்தையும் ஒருவன் வாய்விட்டுச் சொல்லும் இடத்தில், கேட்பவரின் மொழியை அவன் நாவில் வைக்க முடியாது. அவனுடைய சொல்லைக் கேட்பவரே கற்றாக வேண்டும்.

அன்டாம் தெ புரோயென்சா என்னும் மற்றொரு பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி, அவர் மறைந்த பின்னர், 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சிடப்பட்டது. அந்நூலைத் தனிநாயக அடிகள் 1966இல் ஒளிப்படப் பதிப்பாகக் கோலாலம்பூரிலிருந்து வெளிக்கொணர்ந்தார்.

இனி, ஆங்கிலத்தையும் போர்த்துக்கேயத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் இலத்தீனிடம் பெரிதும் கடன்பட்டவை. ஆகவே நமக்கும் மலையாளிகளுக்கும் நேர்வது அவர்களுக்கும் நேர்கிறது. சுவை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லுக்கு எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்ட்’ ஆயிற்று. அருவருப்பு என்பது அதன் பொருள். அதே மூலத்தினின்று வந்த போர்த்துக்கேயச் சொல் ‘டெஸ்கோஸ்து’. அதன் பொருளோ மனவருத்தம். மகன் பிரிந்த வருத்தத்தைக் கூறும் லிஸ்பன் தாய், ஆங்கிலேயன் செவியில் அருவருப்பைக் கூறுபவளாகிவிடுவாள். ‘பெய்ன்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘பேன’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லும் தண்டனையைக் குறித்த ஒரே இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல்கள். முன்னது வலியாயிற்று, பின்னது தண்டனை என்னும் பழம்பொருளோடு இரக்கத்தையும் குறிக்கலாயிற்று.

ஒத்த ஒலி இவ்வாறு ஏமாற்றினாலும், இச்சொற்களின் வேரில் ஓர் ஒற்றுமை இருப்பது வியப்பளிக்கிறது. ஆங்கிலத்து ‘ஆங்குவிஷ்’, போர்த்துக்கேயத்து ‘அங்கூஸ்தியா’ ஆகிய இரண்டும் கடுந்துயரைக் குறிப்பவை. இவற்றின் இலத்தீன் வேருக்கு நெருக்குதல், குறுகுதல் என்பது பொருள். கவலையைக் குறிக்கும் ‘ஆங்சைட்டி’யும் அவ்வேரினின்றே வந்தது. ‘வொர்ரி’ என்னும் சொல்லோ பழைய ஆங்கிலத்தில் கழுத்தை நெரித்தலைக் குறித்தது. நம் சங்கடமும் இவ்வகையினதே. வடமொழியில் ‘சங்கட’ என்றால் குறுகியது, இடுக்கானது. அவ்விடுக்கில் அகப்பட்ட நிலையைத் தமிழர் இக்கட்டு என்றனர். மலையாளிகள் துக்கம் என்றனர். போர்த்துக்கேயத்திலும் இதே பிளவு உண்டு: இறுகக் கட்டுதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்த ‘கொன்ஸ்திரான்ஜிமென்து’ அங்கே நம் தர்மசங்கடத்தைக் குறிக்கிறது.

துயரம் வந்தால் நெஞ்சு அடைக்கிறது, தொண்டை இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது. உடலறிந்த இவ்வனுபவம் எல்லா நாட்டினருக்கும் பொது. அதற்கு இட்ட பெயர்தான் ஊருக்கு ஊர் வேறாகிறது.

வெளியூர் சென்று வாழும் நமக்கு நெருக்கமான மற்றொரு போர்த்துக்கேயச் சொல் ‘சவுதாத்’. தனிமையைக் குறித்த இலத்தீன் சொல் அதன் வேர். பிரிந்தவரையும் விட்டுவந்த ஊரையும் எண்ணி ஏங்குவதும், அந்நினைவிலேயே ஓர் இனிமை காண்பதும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் அதை ஈடுசெய்வது அரிது. அதனால் இது மொழிபெயர்க்க இயலாத சொல் என்று பலர் வியப்பர். தமிழர் அவ்வளவு வியக்க வேண்டியதில்லை. பிரிவுக்கென்றே பாலை என ஒரு திணையை வகுத்தவர்கள் நாம். திருக்குறளில் ‘பிரிவாற்றாமை’ ஓர் அதிகாரத்தின் பெயர். மலையாளிகள் வீட்டு நினைவின் நோயை ‘கிருஹாதுரத்வம்’ என்பர். கிருஹம் வீடு, ஆதுரன் நோயாளி.

இவ்வாராய்ச்சியின் பயன் என்ன எனலாம். மனநோவை மருத்துவரிடம் கூறும் நேரத்தில் அது விளங்கும். தமிழில் ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே தொடரை இன்று இரு நிலைகளுக்கு வழங்குகிறோம். வேலைப் பளுவால் மனம் முறுக்கேறிய நிலை ஒன்று. எதிலும் பற்றின்றி வாரக்கணக்கில் மனம் சோர்ந்து கிடக்கும் நோய்நிலை மற்றொன்று. மலையாளம் முன்னதைப் ‘பிரிமுறுக்கம்’ என்றும் பின்னதை ‘விஷாதம்’ என்றும் பிரித்துக் கூறுகிறது. கயிற்றின் பிரியை முறுக்குவது நாமும் அறிந்ததே. எனவே முதற்சொல் நமக்கு எளிதில் விளங்கும். தமிழிலும் பின்னதற்கு ‘மனச்சோர்வு’ என்னும் தெளிவான சொல் உண்டு. அதைக் கையாளுவது நலம். இரண்டுக்கும் மருத்துவம் ஒன்றன்று.

அயல்மொழி மருத்துவரிடம் செல்லும்போது நோயின் பெயரைச் சொல்ல முயல்வதைக் காட்டிலும் நிலையைச் சொல்வதே பாதுகாப்பானது. எத்தனை நாளாக இருக்கிறது, இரவில் உறக்கம் எத்தனை மணி நேரம், பசி உண்டா, பழகிய வேலையில் மனம் செல்கிறதா, உயிர்மீது வெறுப்புத் தோன்றியதுண்டா என்பவற்றைச் சொல்லலாம். ‘உறக்கம் வருன்னில்ல’ என்று கூற நாம் புதிய மொழி கற்க வேண்டியதில்லை. கேட்பவர் நிலையிலும் இதுவே நெறி: அண்டை வீட்டார் ஒரு துயரச் சொல்லைச் சொன்னால், அதற்கு நம் மொழியின் பொருளை உடனே பொருத்திவிடாமல், என்ன நேர்ந்தது என்று ஒருமுறை கேட்டறிவோம்.

தமிழிலேயே பேச விரும்புவோருக்கும் வழி உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் மனநலத் தொலைபேசிப் பணியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அழைப்பவர் தம் மொழியைத் தெரிந்தெடுக்கலாம். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர் இவ்வெண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நன்று.

நம் பிள்ளைகள் பள்ளியில் இரண்டு மூன்று மொழிகள் கற்கின்றனர். பாடப் புத்தகம் கணக்குக்கும் வரலாற்றுக்கும் சொல் தரும். அச்சத்துக்கும் ஏக்கத்துக்கும் சொல் தருவது வீடு. ‘பயமா இருக்கு’, ‘மனசு சரியில்லை’, ‘ஊர் நினைவு வருது’ என்று சொல்ல அவர்களைப் பழக்குவோம். அவர்கள் கொண்டு வரும் மலையாளச் சொல்லுக்கும் நம் செவியைப் பழக்குவோம். மலையாளத்தில் ‘கரையுக’ என்றால் அழுதல். நம் மொழியிலும் காக்கை கரைகிறது, நெஞ்சம் கரைகிறது. அடுத்தமுறை பேரன் “பேடியா இருக்கு” என்று வந்தால், பாட்டி விளக்கை ஏற்றிவிட்டு அவனை அருகில் அமர்த்திக்கொள்ளட்டும். சொல்லைத் திருத்துவதற்குப் பின்னர் நேரம் இருக்கிறது.