பீரோவில் பதிந்த விரல்

வல்லத்திராக்கோட்டையில் ஒரு வீட்டில் பீரோவை உடைத்து நகையைத் திருடிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மோப்ப நாய் வந்ததும் கைரேகை நிபுணர்கள் தடயங்களைச் சேகரித்ததும் மறுநாள் செய்தியில் தவறாமல் இருக்கும். நாய் சற்றுத் தூரம் ஓடி நின்றுவிட்டாலும் ரேகை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது நம் நம்பிக்கை. அது பாதிதான் சரி. ரேகை காட்டுவது தொட்ட கையை. தொட்ட நேரத்தையோ காரணத்தையோ அல்ல.

கருவிலேயே உருவாகும் விரல் வரிகள் இரட்டையருக்குக்கூட ஒன்றாக அமைவதில்லை. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அவற்றைத் தொட்ட பொருளில் அச்சாக விட்டுவிடுகின்றன. நிபுணர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடுவார்; மென்மையான பிரஷ்ஷால் பொடி தூவுவார்; அளவுகோல் வைத்துப் படம் எடுத்த பிறகே ஒட்டும் நாடாவில் ரேகையைப் பெயர்த்தெடுப்பார். காகிதமென்றால் நின்ஹைட்ரின் தடவ, ரேகை ஊதா நிறத்தில் எழும்பும். அடுத்து வீட்டாரின் ரேகைகளை வாங்கிக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதைக் கணினியில் தேடினால் ஒத்துவரக்கூடிய சிலரைக் காட்டும்; முடிவு சொல்வது மனிதக் கண். சங்கு, சக்கரம் என்று நாம் எண்ணுவதெல்லாம் வகை பிரிக்கத்தான். வரி எங்கே முடிகிறது, எங்கே கிளைக்கிறது என்பதில்தான் ஆள் இருக்கிறான்.

1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் தொடங்கியது. வகைப்பாட்டுக்கு உழைத்தவர்கள் அசிசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும். பெயர் மட்டும் அவர்களின் மேலதிகாரி ஹென்றிக்குப் போனது. அந்தக் காலத்திலேயே ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்டார். அங்கிருந்த பஞ்சாங்கத்தில் இரத்தம் தோய்ந்த கட்டைவிரல் பதிவு. அது முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரனுடையது. நீதிமன்றமோ திருட்டுக்கு மட்டுமே தண்டித்தது, கொலையிலிருந்து விடுவித்தது. இவ்வளவு சந்தேகம் பார்த்தால் குற்றவாளி தப்பிவிட மாட்டானா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2004 மாட்ரிட் குண்டுவெடிப்பில், பையிலிருந்த ரேகை ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஸ்பெயின் போலீஸ் அது வேறொருவருடையது என்று கண்டுபிடித்த பிறகே அந்த வழக்கறிஞர் காவலிலிருந்து வெளியே வந்தார். சரியாகப் பொருந்தும் ரேகையும் கையாளும் விதத்தில் கெடலாம். 1997இல் ராஜஸ்தான் வழக்கொன்றில், பித்தளைப் பாத்திரத்தில் ரேகை ஒத்துப்போயும் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; அந்தப் பாத்திரம் தகுந்த காரணமின்றிச் சில நாள் காவல் நிலையத்திலேயே கிடந்திருந்தது. அந்த வழக்கில் தோற்றது ரேகையல்ல, அதைப் பாதுகாத்த விதம்.

ஆகவே வீட்டில் திருட்டுப் போயிருந்தால் உள்ளே போய்ப் பீரோவைத் துழாவாதீர்கள். கைரேகைப் பிரிவினர் உங்கள் விரல்களையும் கேட்டால் கோபப்படாமல் நீட்டுங்கள்.