திறந்தா லாரி... மூடினா வேன்! வெங்காயம் ஏற்றும் 'குட்டி யானை'யில் எதை எங்கே வைக்கணும்?

பாடாலூர்:

பட்டனைத் தட்டினால் கூரை தானாக மடிந்து பின்னால் போய் உட்கார்ந்து கொள்ளும் காரை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 'கன்வெர்ட்டிபிள்' என்று பெயர். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

ஆனால் பெரம்பலூர் மாவட்டம் பாடாலூர் பக்கம் ஓடும் 'கன்வெர்ட்டிபிள்' வேறு ரகம். காலையில் தார்ப்பாய் போட்டு மூடி சின்ன வெங்காயம் ஏற்றிப் போகும். மதியம் கூரையைக் கழற்றிவிட்டு சிமெண்ட், கம்பி ஏற்றும். சாயங்காலம் மாட்டுத் தீவனம். அதுதான் 'குட்டி யானை' என்று ஊரே செல்லமாகக் கூப்பிடும் மினி லாரி!

தினமும் ஓட்டுகிற வண்டிதான். இருந்தாலும் அதில் எதை எங்கே வைக்கணும், கூரையை எப்படிக் கட்டணும், எந்தக் கதவை எப்போது திறக்கணும் என்பதில் சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கு. தெரிந்தால் சரக்கும் தப்பும், உயிரும் தப்பும். தெரியாவிட்டால் இரண்டுக்கும் ஆபத்து!

20 வருஷத்துக்கு மேல் ஆச்சு

1986-ல் வந்த டாடா 407 வேன் பெரிய வியாபாரிகளுக்குச் சரியாக இருந்தது. சின்ன விவசாயிகளுக்கு டிராக்டர், மாட்டு வண்டி, மூன்று சக்கர லோடு ஆட்டோதான் கதி. 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்த பிறகு கதையே மாறிப்போச்சு. 702 சி.சி. டீசல் இன்ஜின், 2 சிலிண்டர், 16 குதிரைத்திறன். முக்கால் டன் சரக்கு. அப்போது விலை சுமார் 2.25 லட்சம் ரூபாய்.

2011-ல் ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் 'தோஸ்த்' வந்தது. அது 1.25 டன் இழுக்கும். மகிந்திரா பிக்கப் வண்டிகளும் போட்டிக்கு நின்றன. செட்டிகுளம், இரூர், நாட்டார்மங்கலம் என்று வெங்காயம் விளைகிற ஊர்களில் இருந்து திருச்சி வெங்காய மண்டிக்கு இப்போது இந்த வண்டிகள்தான் ஓடுகின்றன. பாடாலூரில் இருந்து தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் திருச்சி சுமார் 40 கி.மீ.தான்.

கூரை ஏன் உப்புது?

மினி லாரி கம்பெனியில் இருந்து வரும்போது பெரும்பாலும் திறந்த தொட்டியாகத்தான் வரும். அதன் மேல் வளைந்த கம்பிகளை நிறுத்தி தார்ப்பாய் போட்டால் மூடிய வண்டி. கம்பியைக் கழற்றினால் மறுபடி திறந்த வண்டி. ராணுவ ஜீப்பில் கேன்வாஸ் கூரை போட்டு எடுத்த அதே பழைய டெக்னிக்தான் இது.

நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகம் தாண்டினால் தார்ப்பாய் பலூன் மாதிரி மேலே உப்புவதைப் பார்க்கலாம். உள்ளே காற்று புகுந்து தள்ளுவதாக நிறைய பேர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. வண்டி ஓடும்போது கூரைக்கு மேலே காற்று வேகமாக ஓடுகிறது. அதனால் மேல்பக்கம் அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்றுக்கு அழுத்தம் அதிகம். அதுதான் துணியை மேலே தூக்குகிறது. கோடீஸ்வரர் காரின் துணிக்கூரையும் இப்படித்தான் உப்பும்!

அதனால் நடுவில் ஒரே கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் போதாது. கேபினை ஒட்டிய முன் விளிம்பை முதலில் இறுக்கணும். பிறகு இரண்டு பக்கமும் குறுக்காக, பெருக்கல் குறி மாதிரி கயிறு போகணும். பின்பக்கத்தைக் கடைசியில் கட்டணும். முன் விளிம்பில் ஒரு கை அளவு இடைவெளி இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து ஓட்டைக் கண்ணைக் கிழித்துவிடும். பிய்ந்த தார்ப்பாய் பறந்து பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் விழுந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

வெங்காயத்துக்கு மூச்சு வேணும்

இந்தப் பகுதி விவசாயிகள் வெங்காயப் பட்டறை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கீழே தரையில் படாமல் உயர்த்தி, பக்கவாட்டில் காற்று புகுற மாதிரி விட்டு, மேலே மட்டும் மழை படாமல் மூடுவார்கள். வெங்காயத்துக்கு நிழல் வேணும், காற்றும் வேணும்.

அதே வெங்காயத்தை வண்டியில் ஏற்றியதும் நாலு பக்கமும் பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டிவிட்டால்? வெயிலில் உள்ளே சூடு ஏறும். மூட்டையில் இருக்கும் ஈரம் ஆவியாகி மேலே போய் துணியில் நீர்த்துளியாக நிற்கும். அது சொட்டுச் சொட்டாக மேல் மூட்டையில் விழும். மண்டிக்குப் போய் இறக்கும்போது மேல் வரிசை பிசுபிசுக்கும். விலையில் அடி!

வழி சுலபம். மழை இல்லாத நேரத்தில் பின்பக்கத் துணியைச் சுருட்டி மேலே கட்டுங்கள். பக்கவாட்டில் தொட்டியின் விளிம்புக்கும் துணிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். தொட்டியின் அடியில் மரச்சட்டம் போட்டு அதன் மேல் மூட்டை அடுக்கினால், மழைத்தண்ணீர் உள்ளே வந்தாலும் அடி மூட்டை நனையாது. தொட்டித் தரையில் தண்ணீர் வடியும் ஓட்டை இருந்தால் மண் அடைக்காமல் குச்சி விட்டுப் பார்த்துக்கொள்ளணும்.

மடித்த கூரையை எங்கே வைப்பது?

கன்வெர்ட்டிபிள் கார் வாங்கியவர்களுக்கே உள்ள தலைவலி இது. 'மினி கூப்பர்' கன்வெர்ட்டிபிள் காரில் கூரை மூடியிருந்தால் டிக்கியில் 215 லிட்டர் இடம். கூரையை மடித்தால் 160 லிட்டர்தான். மடித்த கூரை டிக்கியில் பங்கு கேட்கும்!

குட்டி யானையிலும் அதே கதைதான். கழற்றிய கம்பியையும் தார்ப்பாயையும் தொட்டிக்குள் போட்டால் சரக்கு வைக்க இடம் குறையும். மேலே சிமெண்ட் மூட்டை விழுந்தால் தார்ப்பாய் கிழியும். அதனால் தார்ப்பாயை நீளவாக்கில் பாய் மாதிரி சுருட்டி, கேபினுக்குப் பின்னால் உள்ள தடுப்புக் கம்பியோடு கட்டி வைப்பது நல்லது. ஈரத்தோடு சுருட்டக் கூடாது. பூஞ்சை பிடித்து, அடுத்த லோடு முழுக்க நாற்றம் ஏறும்.

பின் கதவு படுத்தால்...

லோடு இறக்க வசதிக்காகத்தான் பின் கதவு கீழே மடங்குகிறது. சில வண்டிகளில் பக்கவாட்டுக் கதவும் மடங்கும். குறுகலான தெருவில், சுவரை ஒட்டி வண்டி நிறுத்தும்போது இது பெரிய வசதி.

சிலர் நீளமான கம்பி, குழாய் ஏற்ற பின் கதவைப் படுக்க வைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். இதில் 2 சிக்கல். படுத்த கதவு பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கும். ராத்திரியில் பின்னால் வருபவருக்கு முன்னால் ஒரு வண்டி போவதே தெரியாது. இரண்டாவது, வண்டிக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டு போக முன்பு இருந்த சலுகையை மத்திய அரசு 2014-லேயே நீக்கிவிட்டது. சிவப்புத் துணி கட்டினால் போதும் என்ற பேச்சு இப்போது செல்லாது.

கொண்டியை மாட்டிய பிறகு கதவை ஒரு தடவை கையால் இழுத்துப் பாருங்கள். 2 நொடி வேலைதான்.

கனம் எங்கே உட்காரணும்?

முக்கால் டன் வண்டி என்றால் 50 கிலோ மூட்டை 15. ஒன்றேகால் டன் வண்டி என்றால் 25. தொட்டியில் இடம் இருக்கே என்று அதற்கு மேல் ஏற்றினால் வண்டி போகும்தான். பிரேக் பிடிக்கும்போதுதான் வினை!

எடை இரண்டு மடங்கானால் பிரேக் செய்ய வேண்டிய வேலையும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் அது நாலு மடங்கு. சரக்கும் கூட, வேகமும் கூட என்றால் சின்ன வண்டியின் பிரேக் தாங்காது.

அடுக்கும் இடமும் முக்கியம். கனமான மூட்டைகளை கேபின் பக்கம் ஒட்டி, பின் சக்கரத்துக்கு முன்னால் வரும்படி அடுக்கணும். எல்லாவற்றையும் வாசல் பக்கமே குவித்தால் முன் சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங் 'பூ மாதிரி' சுலபமாகத் திரும்பும். அது வசதி இல்லை, ஆபத்து! வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது.

அளவுக்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம் தனி. 2019 செப்டம்பரில் வந்த திருத்தம் இது. அதோடு அதிகப்படி சரக்கை அங்கேயே இறக்கச் சொல்லலாம். நடுரோட்டில் வெங்காயத்தை இறக்கி வைத்துவிட்டு வேறு வண்டி தேடணும்.

கேபினுக்குள் ஒரு எமன்

டாஷ்போர்டு பெட்டியில் பேப்பர், டீசல் பில், பீடிக்கட்டு. கதவுப் பையில் அழுக்குத் துணி. சரி. தண்ணீர் பாட்டில் எங்கே? பெரும்பாலும் டிரைவர் காலடியில்!

திடீரென்று பிரேக் அடிக்கும்போது அந்த பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பெடல் இறங்காது. ஒரு பாட்டில்தான்... ஆனால் உயிரையே எடுத்துவிடும். பாட்டிலை கதவுப் பையிலோ, பக்கத்து சீட் பக்கம் ஒரு பையிலோ வையுங்கள். டிரைவர் காலடியில் எதுவுமே இருக்கக் கூடாது.

ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், எப்.சி., லைசென்ஸ் இவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் மழைக்காலத்திலும் கவலை இல்லை. 'டிஜிலாக்கர்', 'எம்-பரிவாகன்' செயலிகளில் உள்ள ஆவணங்களும் செல்லும். 2018-லேயே விதி மாறிவிட்டது.

ஸ்டெப்னி எங்கே?

பெரும்பாலான மினி லாரிகளில் ஸ்டெப்னி தொட்டிக்கு அடியில் தொங்கும். இடத்தை மிச்சம் பிடிக்க நல்ல வழி. ஆனால் முழு லோடோடு டயர் பஞ்சரானால் வண்டி இறங்கிப்போய் ஸ்டெப்னியை உருவவே முடியாது. அதனால் மாதம் ஒரு தடவை இறக்கி, காற்று பார்த்து, போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு மாட்டுங்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் சரக்குக்கு அடியில் இருக்கக் கூடாது. சீட்டுக்குப் பின்னால், கை எட்டும் இடத்தில் இருக்கணும். கூடவே சக்கரத்துக்கு அடைக்க ஒரு கட்டை, சிவப்பு முக்கோணப் பலகை.

ஆள் ஏற்றினால்?

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் இதுதான். கூரை இருக்கு, நிழல் இருக்கு என்று சமயபுரம் கோயிலுக்கும், காதுகுத்துக்கும், களை எடுப்புக்கும் இந்தத் தொட்டியில் ஜனங்களை ஏற்றுகிறார்கள். கூரை போட்டதால் அது வேன் ஆகிவிடாது. உள்ளே சீட் இல்லை, பெல்ட் இல்லை, பிடிக்கக் கம்பி இல்லை. வண்டி கவிழ்ந்தால் வெயிலுக்குப் போட்ட அந்தத் துணி யாரையும் காப்பாற்றாது.

பணமும் கிடைக்காது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2002 டிசம்பரிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவர் அனுப்பிய ஆள் சரக்கோடு போனால் மட்டும் சட்டத்தில் இடம் உண்டு. அவரும் கேபினில் உட்கார்ந்து போவதுதான் முறை. மற்றவர்களுக்கு ஏதாவது நடந்தால் நஷ்டஈடு முழுக்க வண்டிக்காரர் தலையில்! கடன் வாங்கி வண்டி எடுத்தவர் வீட்டையும் நிலத்தையும் விற்கணும். பெர்மிட் மீறலுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதமும், 6 மாதம் வரை ஜெயிலும் தனி.

கூலிக்குப் போகும் பெண்களுக்கும் இது தெரிய வேண்டும். 'ஏறும்மா, பத்து நிமிஷம்தான்' என்று யார் சொன்னாலும் யோசியுங்கள்.

பட்டறையில் மாற்றினால்...

இன்னும் நாலு மூட்டை கொள்ளட்டும் என்று தொட்டியின் பக்கத் தகடை உயர்த்தி வெல்டிங் வைப்பதும் நடக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்திருக்கு. எதை மாற்றினாலும் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு, அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்றிய பிறகுதான் பட்டறைக்குப் போகணும். கழற்றி மாட்டும் தார்ப்பாய் வேறு, நிரந்தரமாக வெல்டிங் வைத்த பாடி வேறு.

கிளம்பும் முன் 5 விஷயம்

1. தார்ப்பாயின் முன் விளிம்பு இறுக்கமா?

2. பின் கதவுக் கொண்டி மாட்டியாச்சா?

3. பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் தெரியுதா?

4. டிரைவர் காலடி காலியா?

5. தொட்டியில் ஆள் யாரும் இல்லையே?

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் ஐந்தும் தெரிந்துவிடும். ரோட்டில் ஏதாவது ஆகிவிட்டால் ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இந்த இரண்டு நம்பரையும் கேபின் கண்ணாடி ஓரம் எழுதி ஒட்டி வையுங்கள்!