ஊர்க் கடையும் பேரங்காடியும்

மழை பெய்தால் பால் வெட்டு நின்றுவிடும். வெட்டு நின்றால் வருமானமும் குறையும். ஆயினும் அடுப்பு அன்றும் எரிந்தாக வேண்டும். அத்தகைய நாட்களில் அரிசியும் பருப்பும் தந்து, ‘555’ என்னும் சிறு புத்தகத்தில் கணக்கெழுதிக்கொண்டு, சம்பள நாள்வரை பொறுத்திருப்பவர் அண்டையிலுள்ள மளிகைக் கடைக்காரரே ஆவார். அக்கடை மூடப்பட்டால் நாம் இழப்பது ஒரு கடையை மட்டுமன்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஜுரு வட்டாரம் கடந்த நாற்பது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. 1985இல் பினாங்குப் பாலமும், 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் முழுமை பெற்றன. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின. அவற்றைத் தொடர்ந்து பேரங்காடிகளும் வந்தன. அங்குச் சில பொருள்கள் விலை மலிவாகக் கிடைப்பது உண்மையே.

மலிவு எவ்வாறு வருகிறது?

பல கிளைகளை உடைய நிறுவனம் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் கொள்முதல் செய்கிறது. ஆதலால் உற்பத்தியாளர் அதற்கு விலையைக் குறைத்துத் தருகிறார். சிறு கடைக்காரரோ பத்துப் பெட்டிகளை மொத்த வியாபாரியிடம் வாங்குகிறார். மேலும், பேரங்காடி சீனி, சமையல் எண்ணெய் போன்ற சிலவற்றை இலாபமின்றி விற்று மக்களை ஈர்த்து, ஏனைய பொருள்களில் அதனை ஈடுசெய்துகொள்வதும் உண்டு. சந்தையில் ஆதிக்கம் பெற்ற நிறுவனம், பிறரை வெளியேற்றும் நோக்கத்தில் அடக்கவிலைக்கும் குறைவாக விற்பதை 2012 முதல் நடப்பிலுள்ள போட்டிச் சட்டம் தடை செய்கிறது.

பெரிய கடைகள் நிலையானவை என்று எண்ணிவிடவும் கூடாது. 1994இல் இந்நாட்டிற்கு வந்த கேர்ஃபோர் 2012இல் வெளியேறியது. 2002இல் கடை திறந்த டெஸ்கோவின் கிளைகள் 2020இல் வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. இலாபம் குறைந்தால் அவை சென்றுவிடும். நாம் இங்கேயே வாழ வேண்டியவர்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்

ஐந்து பொருள்களில் பொருளுக்கு 40 காசு மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 வெள்ளி மிச்சமாகும். போய் வரும் செலவு 2 வெள்ளி எனில் மிச்சம் ஏதுமில்லை. அங்கே கண்ணில் பட்ட, தேவையற்ற பொருளை 5 வெள்ளிக்கு வாங்கினால் நமக்கு 5 வெள்ளி நட்டமே. ஆனால் மாதத்திற்கு ஒருமுறை, எழுதிய பட்டியலுடன் பலர் சேர்ந்து சென்றால் உண்மையாகவே மிச்சமாகலாம்.

இரு தரப்பினருக்கும் கடமை உண்டு

கடைக்காரர் ஒவ்வொரு பொருளுக்கும் விலையைக் குறித்துக் காட்டுதல் சட்டப்படி கட்டாயமாகும். தராசு சரியாக இருக்க வேண்டும். காலாவதியான பொருளை விற்கக் கூடாது. கடன் புத்தகத்தை வாடிக்கையாளரின் முன்னிலையிலேயே எழுத வேண்டும். கடனைக் காட்டி விலையை உயர்த்தினால் அது உதவியாகாது, சுரண்டலாகும்.

வாங்குபவரும் பாக்கியைச் சம்பள நாளன்றே தீர்க்க வேண்டும். கையில் பணம் உள்ளபோது பேரங்காடிக்குச் சென்று, பணம் இல்லாதபோது மட்டும் ஊர்க் கடையை நாடுவது நியாயமன்று. அவ்வாறு செய்தால் கடைக்காரரிடம் முதல் தங்காது.

ஒன்றுபட்டு வாங்குதல்

சிறியவர்கள் ஒன்றுசேர்ந்தால் பெரியவர்களைப் போன்றே மலிவாக வாங்கலாம். இங்கிலாந்தில் ராச்டேல் எனும் ஊரில் 1844இல் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் பங்கு சேர்த்துக் கடை திறந்தனர். மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் விற்றுக் கிடைத்த இலாபத்தை, அவரவர் வாங்கிய அளவிற்கேற்பப் பகிர்ந்துகொண்டனர். அவ்வழியே சென்னை திருவல்லிக்கேணியில் 1904இல் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. நம் அருகிலும் உதாரணம் உண்டு. ஜுரு ஆறு மாசடைந்து மீன்பிடி நலிந்தபோது, குவாலா ஜுரு மீனவர்கள் கூட்டுறவாக இணைந்து சிப்பி வளர்ப்பில் ஈடுபட்டனர்.

ஒரே வட்டாரக் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து அரிசி, எண்ணெய், சீனி ஆகியவற்றை மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை குறையும். இன்று 2,500க்கும் மேற்பட்ட கிளைகளை உடைய 99 ஸ்பீட்மார்ட் நிறுவனமும், 1987இல் கிள்ளானில் ஒரு சிறு மளிகைக் கடையிலிருந்து தொடங்கியதே. சில்லறைக் கடைகளைப் புதுப்பிக்க உள்நாட்டு வாணிப அமைச்சு 2011இல் ‘துக்கார்’ எனும் திட்டத்தைத் தொடங்கியதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

எனவே, ஊர்க் கடைக்கு நாம் அளிக்கும் ஆதரவு தருமமன்று. நம் குடும்பத்திற்கு நாமே செய்துகொள்ளும் பாதுகாப்பாகும். விலையைக் கேளுங்கள், நிறையைச் சரிபாருங்கள், பாக்கியைத் தீருங்கள். அடுத்த மழைக்காலத்திலும் அக்கடை திறந்திருக்கும்.