உங்களுக்குத் தெரியுமா? ஓரிரு நாளில் இருமடங்காகும் கட்டியும் குணமாகும்!

மனித உடலில் மிக வேகமாக வளரும் புற்றுகளில் ஒன்று பர்க்கிட் லிம்போமா. ஓரிரு நாளிலேயே இருமடங்காகிவிடும். ஆனால், குழந்தைகளுக்கு வரும் புற்றுகளில் நன்றாகக் குணமாகிறவற்றில் இதுவும் ஒன்று! ஓயாமல் பெருகும் செல்களைத்தான் கீமோதெரபி மருந்துகள் எளிதில் அழிக்கின்றன.

• நோய் முற்றிய சிறார்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2020-ல் வெளியானது. கீமோவோடு ரிட்டுக்சிமாப் மருந்தும் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குப் பின் சுமார் 95 சதவீதம் பேர் உயிருடன் இருந்தனர். கீமோ மட்டும் பெற்றவர்களில் 87.

• கட்டி கரையும் வேகமே ஓர் ஆபத்து. இறந்த செல்களின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். அதனால் முதல் சில நாட்கள் குளுக்கோஸ் பாட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும். நர்ஸ் ஒவ்வொரு முறையும் சிறுநீரை மில்லி கணக்கில் அளந்து குறிப்பார்.

• சிகிச்சையில் சேரும் வின்கிறிஸ்டின், நம் திருத்தணி வீட்டு வாசல்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. செடியை அரைத்துக் குடித்தால் நஞ்சு!

• கீமோ வேறு புற்றிலும் பலன் தந்தது. 1980-களில் அடையாறு புற்றுநோய் மையம், மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் சிறார் ரத்தப் புற்றுக்கு ஒரே கீமோ முறையைக் கையாண்டன. அதுவரை அங்கு அந்தப் புற்றில் பிழைத்தவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. பிறகு, நான்காண்டு நோயின்றி இருந்தவர்கள் மையத்துக்கேற்ப 41 முதல் 60 சதவீதம்.

• குழந்தையின் வயிறோ தாடையோ சில நாட்களில் திடீரென வீங்கினால், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்த நோயில் ஒரு வாரம்கூட நீண்ட காலம். சிகிச்சைக்குச் சென்னை செல்ல, திருத்தணியிலிருந்து மின்சார ரயில் உண்டு.