வீட்டுப் புகையடுப்பும் தேங்காய்த் தொட்டிக் கரியும்

காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் தேங்காயை உடைத்துக் கொப்பரை உலர்த்துவது பெருந்தொழிலாக நடைபெறுவதை யாவரும் அறிவர். பருப்பு நீங்கிய தொட்டிகள் வீணாவதில்லை. அவை கரியாக்கப்பட்டு, நீரைச் சுத்திகரிக்கும் கரித்தூள் செய்வதற்குப் பயன்படுகின்றன. ஆயிரம் முழுத் தொட்டிகளைச் சுட்டால் ஏறத்தாழ 35 கிலோ கரி கிடைக்கும். இக்கரி வீட்டுப் புகையடுப்புக்கும் மிகவும் ஏற்றதாகும்.

மீனையும் இறைச்சியையும் நேரான தீயில் வாட்டாமல், மூடிய கலத்தினுள் மிதமான உஷ்ணத்திலும் புகையிலும் நெடுநேரம் வைத்துச் சமைக்கும் சாதனமே புகையடுப்பு. இதனை வாங்குவோர் பலர் புகையை மிகுதியாக எழுப்புவதிலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். உண்மையில் கற்கவேண்டியது காற்றை அடக்கி உஷ்ணத்தை ஒரே நிலையில் நிறுத்தும் பழக்கமேயாகும்.

அடுப்பின் அமைப்பு

அடியில் கரித்தட்டு, அதன்மேல் நீர்த்தட்டு, அதற்கும்மேல் கம்பித்தட்டு, எல்லாவற்றிற்கும் மூடி என்பதே பொதுவான அமைப்பு. அடியிலும் மேலும் காற்றுத் துவாரங்கள் இருக்கும். அடித்துவாரம் தீயை ஆளுகிறது. மேல்துவாரம் புகையை வெளியேற்றுகிறது. நீர்த்தட்டு உஷ்ணம் திடீரென ஏறாமல் காப்பதோடு, சொட்டும் கொழுப்பையும் தாங்கிக்கொள்கிறது. கொழுப்பு தணலில் விழுந்து எரிந்தால் பென்சோபைரீன் என்னும் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் உண்டாகிப் பண்டத்தில் படியும். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் முதல், புகையூட்டிய மீனிலும் இறைச்சியிலும் இது கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாதென விதித்திருக்கிறது.

விலக்கவேண்டியவை

பழைய இரும்புப் பீப்பாயைக் கொண்டு அடுப்பைத் தாமே செய்துகொள்ள விரும்புவோர், சாயப்பட்டறைகளில் இரசாயனம் இருந்த பீப்பாயை ஒருபோதும் வாங்கலாகாது. கழுவினாலும் அது உணவுக்கு உதவாது. துத்தநாகம் பூசிய தகடும் கூடாது. கடும் வெப்பத்தில் அதனின்று நச்சுப்புகை எழும். திருப்பூரில் எளிதிற் கிடைக்கும் பனியன் கழிவுத்துணியைக் கொண்டு தீ மூட்டுவதும் தவறு. அதில் சாயமும் செயற்கை இழையும் கலந்திருக்கும். உலர்ந்த தென்னம்பாளையே தீ மூட்டப் போதுமானது.

பழகும் முறை

முதல்நாள் பண்டம் ஏதும் வையாமல் அடுப்பை மட்டும் எரித்துப் பார்ப்பது நலம். சிறிதளவு கரியைத் தனியே பற்றவைத்து, சாம்பல் பூத்தபின் பற்றாத கரியின்மேல் இடவேண்டும். மேல்துவாரத்தைத் திறந்தே வைத்து, அடித்துவாரத்தைச் சிறுகச் சிறுக மூடி, கம்பித்தட்டின் மட்டத்தில் உஷ்ணம் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் நிற்கும்படி செய்க. ஒரு மாற்றத்தின் பலன் உடனே தெரியாதாகையால், கால்மணி நேரம் பொறுத்தே அடுத்த மாற்றத்தைச் செய்தல் வேண்டும்.

நன்கு வெந்த கரி உஷ்ணத்தைத் தருமேயன்றி மணத்தை அதிகம் தராது. மணத்திற்காக உலர்ந்த கொய்யா அல்லது மாவிறகுத் துண்டுகள் இரண்டொன்றைத் தணலில் இடலாம். அமெரிக்கர் இதற்கென விரும்பும் மெஸ்கீட் மரம் நமது சீமைக் கருவேலின் இனத்தைச் சேர்ந்ததே. அதன் மணம் காரமாகையால் சிறிதே போதும். அரளி நச்சுடையது, அதை அடுப்பின் அருகிலும் கொண்டுவரலாகாது. மெல்லிய, சற்றே நீலம் பாய்ந்த புகையே நல்லது. அடர்ந்த வெண்புகை பண்டத்தைக் கசக்கச் செய்யும்.

மீனும் கோழியும்

அமராவதி அணையில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டை பழகுவதற்கு ஏற்றது. குடல் நீக்கிப் பிளந்த மீனை, ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் வீதம் உப்புக் கரைத்த குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஈரம் ஒற்றி எடுத்து, மேற்பரப்பு உலர்ந்தபின் அடுப்பில் இடவேண்டும். மீனின் தடித்த பாகத்தின் உள்ளே உஷ்ணம் 63 டிகிரியை எட்டி, அந்நிலையிலேயே அரைமணி நேரம் நிற்கவேண்டும். கோழிக்கறியின் உள்ளே 74 டிகிரி அவசியம். நிறத்தையும் நேரத்தையும் நம்பலாகாது. குத்திப் பார்க்கும் உஷ்ணமானியையே நம்புக.

சேமித்து வைத்தல்

நமது இல்லங்களில் செய்யும் உப்புக்கண்டம் பலநாள் கெடாதிருப்பதற்குக் காரணம், உப்பு மிகுதியும் ஈரம் நன்கு வற்றியிருப்பதுமே. புகையடுப்பில் சமைத்த பண்டத்தில் உப்பும் குறைவு, ஈரமும் உண்டு. புகை படிந்திருப்பதால் மட்டும் அது கெடாதென நினைப்பது ஆபத்து. ஆறியதும் குளிர்பெட்டியில் 4 டிகிரிக்குக் குறைவான குளிரில் வைத்து, மூன்று நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும். காற்றுப் புகாதபடி கட்டிய பையில் வெளியே வைத்திருந்தால், உயிருக்கே கேடு செய்யும் பொட்டுலிசக் கிருமி அதில் வளரக்கூடும். நாற்றமோ நிறமாற்றமோ தோன்றாமலும் இருக்கலாம்.

முக்கிய எச்சரிக்கை

கரித்தணலிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறையில் அது உறங்குவோரைக் கொன்றுவிடும். ஆதலால் புகையடுப்பை முற்றத்திலோ களத்திலோ மட்டுமே எரித்தல் வேண்டும். மழைக்காக அதனைத் தாழ்வாரத்திற்குள் இழுத்துக்கொள்வதும், வேலை முடிந்தபின் தணலோடு வீட்டினுள் வைப்பதும் கூடா. எல்லாத் துவாரங்களையும் அடைத்தால் தணல் தானே அவியும். முற்றும் ஆறிய பின்னரே அடுப்பை உள்ளே எடுத்துவைக்கவேண்டும். எஞ்சிய கரியை மறுமுறைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.